கேபிளுக்குக் காட்டும் மரியாதையைப் பானை ஓட்டுக்கும் காட்டலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பத்தாறு ஆண்டுகள் இந்தத் தீவில் எக்ஸ்கவேட்டர் ஓட்டியவன் நான். 1976ல் ஏறி உட்கார்ந்தேன், 2012ல் முதுகுவலியோடு இறங்கினேன். படிப்பு உயர்நிலை இரண்டோடு சரி. வரலாறு பற்றிக் கடிதம் எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், சிங்கப்பூர் மண்ணைப் பேராசிரியர்களைவிட நான் அதிகம் வாரியிருக்கிறேன், அவ்வளவுதான். அந்த மண்ணுக்குள் கிடக்கும் பழைய பானை ஓடுகளைக் குப்பையென்று வாரிவிடாமல் காப்பது பற்றித்தான் இந்தக் கடிதம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போயிருந்தேன். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஓரமாக ஒதுங்கினேன். பக்கத்தில் ஒரு தம்பி நின்றார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நகக்கண்ணில் சிமெண்ட் காய்ந்து கிடந்தது. எந்த ஊர் என்று கேட்டேன். “மீன்சுருட்டிப் பக்கங்கய்யா, அரியலூர் மாவட்டம்” என்றார். துவாஸில் பைப் புதைக்கக் குழி வெட்டுகிறாராம்.

மழை விடுவதாகத் தெரியவில்லை. ஏதாவது பேசவேண்டுமே என்று, சாலைக்கு அந்தப் பக்கம் தெரிந்த ஃபோர்ட் கேனிங் குன்றைக் காட்டினேன். “அறுநூறு, எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி அதுமேல ஒரு ராஜா அரண்மனை இருந்துச்சு தம்பி” என்றேன்.

“செவுரு ஏதாச்சும் இருக்குங்களாய்யா?”

இல்லை என்றேன்.

“எங்க ஊர்லயும் செவுரு கம்மிதான். ஓடுதான் மூட்டை மூட்டையா வரும்” என்றார் அவர், ஏதோ கத்தரிக்காய் விளைச்சலைச் சொல்வதுபோல.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விசாரித்தால், இங்கே வருவதற்கு முன் கங்கைகொண்ட சோழபுரம் மாளிகைமேட்டில் தினக்கூலிக்கு அகழாய்வுக் குழி தோண்டியவர். ராஜேந்திர சோழனின் அரண்மனை இருந்த மேடு அது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1980களில் அங்கே தோண்டியது; 2021ல் மறுபடி இறங்கியது. செங்கல் சுவரின் அடிப்பகுதி, கூரை ஓடு, ஓட்டை மரத்தில் அடித்த இரும்பு ஆணி, சீனப் பீங்கான் துண்டு என்று பலவும் அங்கே கிடைத்திருக்கின்றன. நல்ல செங்கல்லையெல்லாம் எப்போதோ பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். “எங்க பாட்டன் காலத்து வீட்டைப் பிரிச்சுப் பாத்தா ராஜா செங்கல்லு இருக்கும்யா” என்று அந்தத் தம்பி சிரித்தார்.

வேலை எப்படி நடக்கும் என்று கேட்டேன். தொழில் விசாரணைதானே, எனக்கு அதில்தான் ஆசை. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரம் அளந்து நூல் கட்டுவார்களாம். அதை நாலாகப் பிரித்து நடுவில் வரப்புபோல மண்ணை விட்டுவிடுவார்களாம். மண்வெட்டிக்கு மேல்மண்ணோடு வேலை முடிந்தது. அப்புறம் சின்னக் கரண்டி, பிரஷ். தோண்டுவது இல்லையாம், ‘சொரண்டுவது’. மண் நிறம் மாறினால் உடனே கை நிற்கவேண்டும், மேலே இருக்கிற சாரைக் கூப்பிடவேண்டும். வெட்டிய மண்ணைச் சல்லடையில் போட்டு அலசி, ஒரு விரல்நகம் அளவு ஓடு கிடைத்தாலும் எந்தக் குழி, எத்தனை ஆழம் என்று எழுதிப் பையில் போடவேண்டும். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அரை அடி இறங்கினால் பெரிது என்றார். என் பழைய எக்ஸ்கவேட்டர் அந்தக் குழியை இருபது நிமிஷத்தில் காலி செய்திருக்கும்.

இனி நம் குன்று. அதில் ஏறினால் நாம் பார்க்கிற கோட்டை வாசல் ராஜா காலத்தது அல்ல. 1859க்கு மேல் ஆங்கிலேயர் கட்டியது, இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த கேனிங் பிரபுவின் பெயர். அதற்கு முன்பு அது புக்கிட் லாராங்கான், மலாயில் ‘தடுக்கப்பட்ட குன்று’. ராஜாக்கள் அடங்கிய இடம், ஆவி நடமாடும் என்று 1819ல்கூட உள்ளூர்க்காரர்கள் ஏறத் தயங்கினார்கள்.

1822ல் ஜான் கிராஃபர்ட் என்ற அதிகாரி அங்கே நடந்து பார்த்து எழுதிவைத்தார். உச்சிக்குப் பக்கத்தில் நாற்பதடிக்கு நாற்பதடி ஒரு சதுர மேடை. அதன் ஓரமாகப் பதினான்கு பெரிய மணற்கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு துளை. மரத்தூண் நின்ற பீடங்களாக இருக்கும் என்று ஊகித்தார். செங்கல் அடித்தளம், வயதான பழமரங்கள், பானை ஓடு, பத்தாம் பதினோராம் நூற்றாண்டுச் சீனக் காசு இவையும் அவர் கண்ணில் பட்டன. கடற்கரையிலிருந்து ஒரு ஓடைக்கரை நெடுக ஒரு பழைய மதிலும் போனது. அந்த ஓடைதான் இன்றைக்கு ஸ்டாம்ஃபோர்டு கால்வாய். பிற்பாடு நம் சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்து, டோபி காட் என்று பெயர் வந்ததும் அந்த ஓடையால்தான்.

அந்தப் பதினான்கு கற்களில் ஒன்றுகூட இன்று குன்றில் இல்லை. மதிலும் இல்லை. கோட்டை கட்ட உச்சியையே சீவிவிட்டார்கள்.

ஐரோப்பாவில் இடிந்த கோட்டை என்றால் பாதிக் கோபுரமாவது நிற்கும், போட்டோ எடுத்துக்கொள்ளலாம். இங்கே அரண்மனை மரத்தால் ஆனது. மழையும் கரையானும் அதைத் தின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மிச்சம் இருப்பது அதற்குள் வாழ்ந்தவர்கள் உடைத்துப் போட்ட பாத்திரம் மட்டும்தான். அதையும் லாரியில் ஏற்றிவிட்டால் அந்த ராஜா இருந்ததற்குச் சாட்சி சொல்ல மண்ணில் வேறு எதுவும் கிடையாது.

1928ல் குன்றின் மேல் நீர்த்தேக்கம் கட்டத் தோண்டியபோது தங்கக் காப்பும் காதணிகளும் வந்தன. காப்பில் நம் கோயில்களில் பார்க்கும் கீர்த்திமுகம் போன்ற ஒரு முகம், ஜாவா வேலைப்பாடு. தேசிய அரும்பொருளகத்தின் வசம் இருக்கிறது. அதை எடுத்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள் அல்ல, தோண்டிய கூலியாட்கள். முறையான அகழாய்வு அதற்கு ஐம்பத்தாறு ஆண்டு கழித்துத்தான் நடந்தது. 1984 ஜனவரியில் ஜான் மிக்சிக் என்ற தொல்லியல் ஆராய்ச்சியாளர், இஸ்கந்தர் ஷா என்ற ராஜாவின் சமாதியாகச் சொல்லப்படும் கெராமாத்துக்குப் பக்கத்தில் பத்து நாள் தோண்டினார். அங்கே மண் கலையாமல் கிடந்தது நம் அதிர்ஷ்டம். பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான், உள்ளூர் மண்பானை, கண்ணாடி மணி என்று வரவர, ராஜா கதை வெறும் கதை இல்லை என்றாயிற்று. பிறகு நாடாளுமன்ற வளாகம், எம்ப்ரஸ் பிளேஸ், செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் என்று பல இடங்களில் தோண்டினார்கள். 2015ல் எம்ப்ரஸ் பிளேஸில் மட்டும் சுமார் மூன்று டன் பொருள் எடுத்தார்கள்.

நம்மவர்களுக்கு இந்த விஷயத்தில் வேறொரு ஆர்வம் உண்டு. சிங்கப்பூர்க் கல்வெட்டு தமிழா என்பது. என் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒரு முறையாவது ‘ராஜேந்திர சோழன் பொறித்த கல்’ என்று வந்துவிடும், வீரவாள் படத்தோடு. ஆற்று முகத்தில் மூன்று மீட்டர் உயரத்துக்கு நின்ற பாறை அது, ஐம்பது வரி எழுத்து. தமிழ் என்று அந்தக் காலத்து ஆங்கிலேயர் ஒருவரும் ஊகித்திருக்கிறார். பழைய ஜாவா எழுத்து என்பவர்கள்தான் அதிகம். முழுதாகப் படித்தவர் இன்றுவரை இல்லை. எப்படிப் படிப்பது? 1843ல் வழியை அகலப்படுத்த வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். தப்பிய துண்டுகளில் ஒன்று அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதற்கு ஏழு ஆண்டு முன், 1836ல், கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதிற்கற்களைப் பெயர்த்துக் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள். அங்கேயும் பொறியாளர், இங்கேயும் பொறியாளர். இருவருக்கும் கல் வேண்டும், அல்லது கல் நகரவேண்டும். இதைச் சொன்னபோது மீன்சுருட்டித் தம்பி, “அந்த அணைக்கட்டு மேலதாங்கய்யா நாங்க கும்பகோணம் போவோம்” என்றார்.

ஆங்கிலேயரைத் திட்டிவிட்டு நான் நல்ல பிள்ளையாக ஒதுங்கிக்கொள்ள முடியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே எடுத்தேன்.

1981. ஆற்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த காலம். ஆற்றுக்குப் பக்கத்தில் வடிகால் போட ஒரு குத்தகைக்காரரிடம் வேலை. மேலே கான்கிரீட் உடைசல், அதற்குக் கீழே நிரப்பிய மண், அப்புறம் திடீரென்று கறுப்பு மண், அதற்கும் கீழே வெள்ளை மணல். எக்ஸ்கவேட்டர் ஓட்டுபவனுக்குக் காது முக்கியம். வாளியின் பல் கல்லில் பட்டால் ஒரு சத்தம், இரும்புக் குழாயில் பட்டால் ஒரு சத்தம். அந்தக் கறுப்பு மண்ணில் இறங்கியபோது கேட்டது இரண்டும் இல்லை. சின்ன வயதில் அப்பளத்தைக் கையில் நொறுக்குவோமே, அந்த மாதிரி. வாளியைத் தூக்கிக் கொட்டினால் மண்ணோடு மண்ணாகச் சில்லு. சிவப்பு மண்பானை ஓடு நிறைய, நடுநடுவே பச்சையாக மின்னுகிற பீங்கான்.

நான் இன்ஜினை நிறுத்தினேன். மண்டோர், அதாவது மேஸ்திரி, ஓடிவந்தார். “என்னப்பா?” “சட்டி நிறைய இருக்கு.” “குப்பை. யாரோ கொட்டினது. லாரி நிக்குது பார், வாரு.” லாரிக்கு டிரிப் கணக்கு, எனக்கு மணிக்கணக்கு. வாரினேன். அன்று எத்தனை லாரி போனது என்று எண்ணவில்லை. அந்த மண் எங்கே போய்க் கொட்டப்பட்டது என்றும் கேட்கவில்லை.

ஒரே ஒரு துண்டை மட்டும் டிபன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு கிண்ணத்தின் அடிப்பாகம், உள்ளங்கை அளவு. தடித்த பீங்கான், மழைநேரத்துக் குளம்போல மங்கிய பச்சை. கீழே வளையம்போல அடிக்கால், அதில் மட்டும் பூச்சு இல்லாமல் செம்மண் நிறம் தெரிந்தது. உள்ளே இரண்டு மீன்கள் ஒன்றையொன்று துரத்துவதுபோல, விரலால் தடவினால் செதில் தட்டுப்படும். அம்மா கழுவித் துடைத்து, “பாண்டியன் சின்னம்டா” என்று சொல்லி முருகன் படத்துக்கு முன்னால் வைத்து விபூதி போட்டார். பாண்டியனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று பல ஆண்டு கழித்து ஒரு கண்காட்சியில் தெரிந்துகொண்டேன். அதேபோல இரட்டை மீன் உள்ள தட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள். சீனாவின் லோங்சுவான் சூளை, யுவான் காலம் என்று எழுதியிருந்தது. நம் குன்று ராஜாவின் காலத்தை ஒட்டியதுதான். வீட்டுக்கு வந்து தேடினேன். ஈசூனுக்கு மாறிவந்தபோது எந்தப் பெட்டியோடு போயிற்றோ, கிடைக்கவே இல்லை. கிடைத்திருந்தாலும் பெரிதாகப் பயன் இருந்திருக்காது என்று இப்போது தெரிகிறது. எந்த மண்ணில், எத்தனை ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று எழுதிவைக்காத ஓடு, வெறும் அழகான ஓடுதான். நான் எடுத்துவந்ததும் தப்பு, வாரிப்போட்டதும் தப்பு.

இப்போது கேபிள் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே மண்ணைத் தோண்டுகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். மின்கேபிள் என்றால் எல்லாரும் நடுங்குவார்கள். தோண்டுமுன் வரைபடம் வாங்கவேண்டும், கேபிள் கண்டுபிடிப்பவர் வந்து கருவியோடு நடந்து தரையில் பெயிண்ட் அடிக்கவேண்டும், இயந்திரம் இறங்குமுன் கையால் சோதனைக் குழி வெட்டவேண்டும். வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங்கில் தினமும் அதே பாட்டு. சரிதான், அறுத்தால் உயிர் போகும், ஊர் இருண்டுவிடும், அபராதம் வேறு. ஆனால் இதற்காக எந்த ஊழியரும் பொறியியல் படிக்கவில்லை. கறுப்பு ரப்பர் தெரிந்தால் நில், கூப்பிடு. அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தார்கள். கற்றுக்கொண்டோம்.

பானை ஓட்டுக்கும் இதையே ஏன் செய்யக்கூடாது? ஆற்றங்கரையிலும் குன்றைச் சுற்றியும் பாடாங் திடல் பக்கத்திலும் நடக்கிற எல்லா வேலைக்கும் ஆராய்ச்சியாளர் வந்து நிற்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெரிய திட்டங்களுக்கு அவர்கள் வருகிறார்கள், பார்த்திருக்கிறேன். நான் சொல்வது இரண்டு நாள் வேலை, ஒரு குழாய் மாற்றம், ஒரு விளக்குக் கம்பம் போன்றவற்றை. அங்கே மண்ணை முதலில் பார்ப்பது ஒரு வெளிநாட்டு ஊழியரின் கண்தான். அவர்களில் எத்தனையோ பேர் அரியலூர், பெரம்பலூர், புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள். அந்த ஊர்களில் உழும்போது ஓடு வருவது புதிதே இல்லை. பத்து நிமிஷம் தமிழில் சொன்னால் போதும், டக்கென்று பிடித்துக்கொள்வார்கள். வங்காளிகளுக்கு வங்காள மொழியில், சீனர்களுக்குச் சீனத்தில். ஒரு பிளாஸ்டிக் அட்டையில் நாலு படம், ஒரு தொலைபேசி எண்.

சொன்னால் நடக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெட்ரா பிராங்கா தீவு அருகே கடலடியில் பதினான்காம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்று கிடந்ததே, மூன்றரை டன் பீங்கான் எடுத்தார்களே, அது எப்படித் தெரியவந்தது? 2015ல் வேறு வேலைக்காக முங்கியவர்கள் சில தட்டுகளைப் பார்த்துவிட்டு வெளியே சொன்னார்கள். குப்பை என்று விட்டிருந்தால் அதுவும் கடலோடு போயிருக்கும்.

மழை விட்டபிறகு அந்தத் தம்பியோடு தேக்கா வரை போய் டீ குடித்தேன். “உன் சைட்டுல ஏதாச்சும் கிடைச்சா என்ன பண்ணுவே?” என்று கேட்டேன். “துவாஸ்ல என்னங்கய்யா கிடைக்கும், கடலை மூடுன எடம். மணலும் சிப்பியும்தான்” என்றார். ஓடு பார்க்கத் தெரிந்த ஒருவர் கடல்மணலை வாரிக்கொண்டிருக்கிறார். அவருடைய விடுதி அறைத் தோழர்கள் இருவர் ஊருக்குள், பழைய தெருக்களில் வடிகால் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு அகழாய்வு என்றால் கீழடி என்ற பெயர் மட்டும் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் சந்தித்தோம். என் புளோக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, டூல்பாக்ஸ் மீட்டிங்கில் வாசிக்க ஒரு பக்கம் எழுதிப் பார்த்தோம். முக்கால்வாசி அவர் சொன்னது, நான் பேனா பிடித்தேன். ‘கறுப்பு மண்ணில் ஓடு குவியலாக வந்தால் இயந்திரத்தை நிறுத்து. கையால் பிடுங்காதே. பையில் போடாதே. கம்பி, செங்கல், பிளாஸ்டிக் கலந்திருந்தால் அது புதுக்குப்பை, பயப்படாதே. அடிக்கால் வளையம், பச்சைப் பூச்சு, நீலக் கோடு, கண்ணாடி மணி தெரிந்தால் சூப்பர்வைசரைக் கூப்பிடு. அவர் வரும்வரை ஒரு சாக்கைப் போட்டு மூடு.’ இப்படிப் போகிறது. வேண்டுமென்றால் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன், திருத்தி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே இடத்தில்தான் எங்களுக்குள் தகராறு. முதல் வரியாக ‘வேலையை நிறுத்தினால் சம்பளத்தில் பிடிக்கமாட்டார்கள், திட்டமாட்டார்கள்’ என்று இருக்கவேண்டும் என்றார் அவர். அது இல்லாமல் மீதியை ஒருத்தனும் காதில் வாங்கமாட்டான் என்றார். 1981ல் அந்த மண்டோர் சொன்னதை நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த வரியை நானோ அவரோ எழுத முடியாது, சம்பளம் கொடுப்பவர்கள்தான் எழுதவேண்டும். அதனால் முதல் வரியை வெறுமனே விட்டுவைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எக்ஸ்கவேட்டர் ஓட்டுநர்,
ஈசூன்